தெருவுக்கு ஒரு பொதுக் கல்லா!

*கடைத்தெருவைக் காப்பது யார் பொறுப்பு? டொரன்டோ, தகமட்சு, சிகாகோ, விருதுநகர், பாண்டி பஜார் சொல்லும் பதில்கள்*

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. சென்னை தி.நகர் பனகல் பூங்காவைத் தாண்டி, பாண்டி பஜார் எனப்படும் தியாகராய சாலைக்குள் நுழைகிறது கூட்டம். நடைபாதை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மருதாணிக்காரர், எதிரே நீட்டிய உள்ளங்கையில் கோனை அழுத்திக் கொடி வரைகிறார். அவருக்காக இன்னும் மூன்று பெண்கள் காத்திருக்கிறார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருக்கிறார். மடியில் இரண்டு ஜவுளிப் பைகள். வளையல், ஹேர் கிளிப், நைட்டி, அவித்த சோளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ஒன்றும் வாங்காமல் சும்மா நடக்க வந்தவர்களும் நிறையப் பேர்.

அதே நடைபாதையில் சில கடைகள் தள்ளி ஒரு ஸ்கூட்டர் ஏறி நிற்கிறது. அதை ஒட்டி இன்னொன்று. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவந்த அம்மா, இரண்டையும் சுற்றிக்கொண்டு சாலைக்கு இறங்கி மறுபடி ஏறுகிறார்.

சுமார் 40 கோடி ரூபாய் செலவில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. திட்டமிடப்பட்ட காலத்தில் மாநகராட்சி, தெரு வடிவமைப்பு வல்லுநர்கள், தன்னார்வ அமைப்புகள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வண்டிகளைத் தற்காலிகமாகத் தடுத்து ஒரு சோதனை முயற்சியும் நடந்தது. வண்டி வராவிட்டால் வாடிக்கையாளரும் வர மாட்டார் என்று பயந்த வணிகர்களிடம் பேசினார்கள். கடைசியில் வண்டிகளுக்கு வழி விட்டு, நடப்பவர்களுக்குப் பெரும்பங்கு கொடுத்து ஒரு சமரசம் பிறந்தது. சென்னைக்கு அது புதிய அனுபவம்.

ஆனால், திறப்பு விழாவுக்கு மறுநாள் முதல் அந்தத் தெருவுக்குப் பொறுப்பு யார்? உடைந்த பெஞ்சையும் ஏறி நிற்கும் ஸ்கூட்டரையும் தினமும் கவனிப்பது யார்? ‘அது கார்ப்பரேஷன் வேலை’ என்பார் கடைக்காரர். ‘கடைக்காரர்கள் ஒத்துழைக்கணும்’ என்பார் அதிகாரி. இரண்டு பதில்களிலும் உண்மை இருக்கிறது. அவற்றுக்கு நடுவே விழுந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ கடைவீதிகள் களையிழக்கின்றன. கையில் இருக்கும் செல்போன் பத்து நிமிடத்தில் பருப்பும் பாலும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் காலத்தில், இந்த இடைவெளியை இனியும் விட்டுவைக்க முடியாது.

தரைக்கு அடியில் போன வாடிக்கையாளர்

இதே சிக்கலைச் சந்தித்து விடை கண்ட தெரு ஒன்று கனடாவில் இருக்கிறது. டொரன்டோ நகரின் மேற்கே ப்ளூர் வீதி. ஒரு காலத்தில் அதன் நடுவே டிராம் ஓடியது. டிராமில் போகிறவர் ஜன்னல் வழியே கடையைப் பார்ப்பார், இறங்குவார், வாங்குவார். 1960-களில் சுரங்க ரயில் வந்தது. பார்த்துக்கொண்டே போன வாடிக்கையாளர்கள் தரைக்கு அடியில் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம், கார் நிறுத்த இடம் கொடுத்த புதிய மால்கள் மிச்சம் இருந்தவர்களை இழுத்தன.

அந்தத் தெருவிலும் வணிகர் சங்கம் இருந்தது. விழாக்கால விளக்கு போட, செடித்தொட்டி வைக்க நன்கொடை கேட்டார்கள். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. ஆனால், விளக்கின் வெளிச்சம் கொடுக்காதவர் கடை வாசலிலும்தான் விழுந்தது. கொடுத்தவருக்கு மனம் கசந்தது. அடுத்த வருடம் அவரும் கையை விரித்தார். ஊர்ப் பொதுக்காரியம் எதுவும் நின்றுபோவது இப்படித்தான்.

வணிகர்கள் மாநகராட்சியிடம் போய், எங்கள் தெருவில் எல்லோரிடமும் கட்டாயமாக ஒரு சிறு தொகை வசூலியுங்கள் என்று அவர்களாகவே கேட்டார்கள். அதைச் சொத்து வரியோடு சேர்த்து வாங்கி, அப்படியே எங்கள் தெருவின் நிர்வாகக் குழுவிடம் திருப்பிக் கொடுங்கள், எதற்குச் செலவழிப்பது என்பதை நாங்கள் கூடி முடிவு செய்கிறோம் என்றார்கள். ஒன்டாரியோ மாகாணம் இதற்காகச் சட்டம் செய்தது. 1970-ல் ‘ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ்’ உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி ஆனது. பெஞ்ச் வந்தது, மரம் வந்தது, விளக்கு வந்தது, தெருத் திருவிழா வந்தது. இன்று டொரன்டோவில் மட்டும் இப்படி 80-க்கும் மேற்பட்ட பகுதிகள் உள்ளன. அமெரிக்கா, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று பல நாடுகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் மூன்று. பணம் எல்லோருடையது. வசூல் அரசுடையது. முடிவு தெருவுடையது. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஏற்பாடு படுத்துவிடும்.

> பெட்டிச் செய்தி: ஓட்டுப் போட்டு ஒரு தெரு
>
> ● பிரிட்டனில் 2003-ல் வந்த சட்டப்படி, ஒரு பகுதியின் வணிகர்கள் ஓட்டெடுப்பு நடத்தித்தான் பொது நிதி வசூலைத் தொடங்க முடியும். லண்டனின் கிங்ஸ்டனில் 2005-ல் முதல் பகுதி உருவானது.
>
> ● இரண்டு வகைப் பெரும்பான்மை வேண்டும்: ஓட்டுப் போட்ட கடைகளின் எண்ணிக்கையில் ஒன்று; அந்தக் கடைகளின் வரி மதிப்பில் இன்னொன்று. பெரிய கடைகள் சேர்ந்து சின்னக் கடைகளை அமுக்கவும் முடியாது. சின்னக் கடைகள் சேர்ந்து பெரிய கடைகள் தலையில் சுமையை ஏற்றவும் முடியாது.
>
> ● அதிகபட்சம் ஐந்து ஆண்டு. தொடர வேண்டும் என்றால் மறுபடி ஓட்டெடுப்பு.
>
> ● நெடுநாள் காலியாகக் கிடக்கும் கடைகளின் வாடகை உரிமையை உள்ளாட்சி அமைப்பே ஏலம் விடும் அதிகாரம் இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பூட்டிய கடை முழுத் தெருவையும் பாதிக்கும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

பணம் கொடுத்தும் பிழைக்காத ஊர்கள்

அரசு ஒருமுறை கை நிறையக் கொடுத்தால் போதாதா? அதையும் பிரிட்டன் செய்து பார்த்தது. சில்லறை வணிக வல்லுநர் மேரி போர்டாஸ் கொடுத்த அறிக்கையை வைத்து, 2012-ல் முதலில் 12 ஊர்களுக்குத் தலா ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள். தொலைக்காட்சி கேமராக்கள் வந்தன, உற்சாகம் பொங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவற்றில் பல ஊர்களில் கடைகள் தொடர்ந்து மூடப்பட்டன. வாடகையை நிர்ணயிக்கும் கட்டட உரிமையாளர் அந்த முயற்சிக்கு வெளியே இருந்தார். ஊர் எல்லையில் கட்டப்பட்ட பெரிய அங்காடிகளுக்கு யாரும் கடிவாளம் போடவில்லை. வந்த பணம் தீர்ந்ததும் வேலை செய்ய ஆள் இல்லை.

அமெரிக்கா இதற்கு முன்பே வேறு விதமாகத் தொடங்கியிருந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை ஒன்று, 1977-ல் இல்லினாய், இண்டியானா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் மூன்று சிறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு கடைவீதிக்கும் முழுநேர மேலாளர் ஒருவரை நியமித்தது. கடை கடையாக ஏறி இறங்குவது, வங்கியிடம் பேசுவது, நகராட்சியில் கோப்பை நகர்த்துவது, திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் அந்த இயக்கம் இன்றும் நாடு முழுக்க நடக்கிறது.

தெருவுக்கு ஒரு முழுநேர ஆள் என்ற இந்த எளிய ஏற்பாடுதான் நம் ஊரில் எங்கும் இல்லாதது. நம்மிடம் சங்கம் உண்டு, தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. எல்லோருக்கும் சொந்தக் கடை உண்டு. அதை மூடிவிட்டுத்தான் அவர்கள் தெருவைப் பார்க்க வர வேண்டியிருக்கிறது.

நிலம் உன்னுடையது, தெரு நம்முடையது

இருப்பதிலேயே கடினமான முடிச்சு நில உரிமை. அதை அவிழ்த்தது ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள தகமட்சு நகரம்.

ஜப்பானில் ஷட்டர் இறக்கிய கடைகளே வரிசையாகத் தெரியும் தெருக்கள் ஏராளம். தகமட்சுவின் மருகமேமாச்சி கடைவீதிக்கும் அந்த விதி வந்திருக்க வேண்டியது. சுமார் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தெரு 1988-ல் தன் 400-வது ஆண்டைக் கொண்டாடியது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு வியாபாரம் நன்றாகத்தான் தெரிந்தது. தெருவின் வணிகர் சங்கத்துக்கோ வேறொன்று உறுத்தியது. தெரு முழுக்கத் துணிக்கடை. காய்கறி வாங்க, மருத்துவரைப் பார்க்க, உட்கார்ந்து பேச இடம் இல்லை. நில மதிப்பு ஏறியதில் குடியிருந்தவர்கள் காலிசெய்துகொண்டு போனார்கள். வீதியில் வசித்தவர்கள் நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள் என்ற நிலை வந்தது.

அவர்கள் கண்ட வழி இது. நில உரிமை அவரவரிடமே இருக்கும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் நீண்ட காலக் குத்தகைக்கு ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் பெரும்பங்கு வணிகர்களுடையது. நகராட்சிக்குச் சிறு பங்கு. எந்த இடத்தில் எந்தக் கடை என்று நிறுவனம் முடிவு செய்யும். வியாபாரம் நடந்து, செலவு போக மிஞ்சுவதைப் பொறுத்து நிலத்துக்காரருக்கு வாடகை. தெரு செழித்தால் அவருக்கு லாபம். தெரு படுத்தால் அவருக்கும் நட்டம். கடையைப் பூட்டிவைத்து நிலத்தின் விலை ஏறக் காத்திருப்பதில் இனி அர்த்தமே இல்லை.

பேசிப் பேசி, ஒவ்வொரு குடும்பமாகச் சம்மதிக்க வைத்து, முதல் பகுதி திறக்கப்பட்டது 2006 டிசம்பரில். ஏறக்குறைய 18 ஆண்டு உழைப்பு. மூன்று வீதிகள் கூடும் முனையில் கண்ணாடிக் குவிமாடம் எழுந்தது. கடைகளுக்கு மேல் தளங்களில் வீடுகள் கட்டினார்கள். மருத்துவமனை, உணவகம், உணவுப்பொருள் கடை எல்லாம் வந்தன. காரை விட்டுவிட்ட முதியவர்கள் லிஃப்டில் இறங்கினால் மழை படாத தெருவில் நடந்தே எல்லாம் முடித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரைத் தேடி ஓடிய தெரு, வாடிக்கையாளருக்குத் தன் மேலேயே வீடு கட்டிக் கொடுத்துவிட்டது.

உயிர் காத்த கடைவீதி

கடைவீதி என்றால் வெறும் விற்பனைதானே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று நினைப்பவர்கள் சிகாகோவின் 1995 ஜூலை மாதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வெயில் அலை 700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். பூட்டிய வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் உயிர்விட்டவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அந்த மரணங்களைத் தெருத் தெருவாக ஆராய்ந்தார். நார்த் லான்டேல், லிட்டில் வில்லேஜ் இரண்டும் அக்கம்பக்கத்துப் பகுதிகள். இரண்டிலும் வறுமை உண்டு. தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. ஆனால், நார்த் லான்டேலின் சாவு விகிதம் மற்றதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு.

அவர் கண்ட காரணங்களில் முக்கியமானது கடைவீதி. தொழிற்சாலைகளும் கடைகளும் போய்விட்ட நார்த் லான்டேலில் காலி மனைகளும் பூட்டிய கட்டடங்களுமே மிஞ்சின. வெளியே வர முதியவர்கள் அஞ்சினார்கள். லிட்டில் வில்லேஜின் கடைவீதியோ காலை முதல் இரவு வரை ஜேஜே என்று இருந்தது. வெயில் தாங்காத கிழவி நடந்துபோய்க் குளிரூட்டிய கடைக்குள் நிற்கலாம். நேற்று வந்தவர் இன்று வரவில்லையே என்று கேட்க ஒருவர் இருந்தார்.

நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே இதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். நியூயார்க்கில் அவர் வாழ்ந்த தெருவில் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் மளிகைக் கடை அண்ணாச்சியும் அதைத்தானே செய்கிறார்? கூரியரை வாங்கி வைக்கிறார். மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை, அம்மா வரும் வரை அவர் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சேவைகளுக்கு எந்த ரசீதும் இல்லை. கடை மூடும்போது இவையும் சேர்ந்தே மூடப்படுகின்றன. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மே மாத வெயிலில் தகிக்கும் நம் நகரங்களில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வாழும் பெற்றோர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நடந்துபோகும் தூரத்தில் நிழலும் பெஞ்சும் தெரிந்த முகங்களும் உள்ள கடைவீதி அவர்களுக்குப் பொதுச் சுகாதார ஏற்பாடு. அதைக் காப்பதற்கு அரசு செலவழிப்பது வணிகர்களுக்குக் காட்டும் சலுகை ஆகாது.

அழகான தெருவில் யாருக்கு இடம்?

வணிகர்கள் பணம் போட்டுத் தெருவை நடத்தும் இந்தக் கூட்டணிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. பணம் போடுகிறவர்களே முடிவெடுத்தால், பணம் போட வழியில்லாதவர்கள் என்ன ஆவார்கள்? அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் வணிக மேம்பாட்டு அமைப்புகள் தனிக் காவலர்களை வைத்துத் தெரு வியாபாரிகளையும் வீடற்றவர்களையும் அப்புறப்படுத்துவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தெரு அழகானதும் வாடகை ஏறும். தையல் கடையும் செருப்பு தைப்பவரும் முதலில் போவார்கள். அவர்கள் போன இடத்தில் காபி ஷாப் வந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், அக்கம்பக்கத்தாருக்குப் பயன் குறையும்.

பாண்டி பஜாரின் அதிகாரபூர்வப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர். பொது இடம் எல்லோருக்கும் சொந்தம் என்று அதிகாரத்தோடு சொன்ன மனிதரின் பெயர் தாங்கிய வீதியில், மருதாணிக்காரருக்கும் பூக்காரருக்கும் நிலையான இடம் இருந்தே ஆக வேண்டும்.

> பெட்டிச் செய்தி: சட்டம் போட்டுவைத்த மேசை
>
> ● 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். உள்ளாட்சி ஆணையர் அதன் தலைவர்.
>
> ● உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் தெரு வியாபாரிகள். அவர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.
>
> ● போலீஸ், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், வங்கி ஆகியவற்றுக்கும் குழுவில் இடம் உண்டு.
>
> ● கணக்கெடுப்பு நடந்து முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது.

ஒரு கடைவீதிக்கு வேண்டிய அத்தனை பேரையும் உட்கார வைக்கும் மேசையை இந்தச் சட்டம் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறது. அகற்றுவதா, விடுவதா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது பெரிய வீணடிப்பு.

நம்மிடமே இருந்த மகமை

பொது நிதி என்றதும் இது வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றலாம். உண்மையில் இது நம் வணிகர்களின் ரத்தத்தில் ஊறியது. 13-ஆம் நூற்றாண்டின் பிரான்மலைக் கல்வெட்டில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தாங்கள் விற்கும் பொருள்கள் மீது தாங்களே ஒரு தொகை விதித்துக்கொண்டு கோயிலுக்குக் கொடுத்த ஏற்பாடு பதிவாகியிருக்கிறது.

விருதுநகர், சிவகாசி வட்டார நாடார் உறவின்முறைகள் அந்த மரபைத் தொழிலாகவே நடத்தின. மூட்டைக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பார்கள். அந்தப் பணம் பேட்டையாக, கிணறாக, சாவடியாக, பள்ளிக்கூடமாக மாறியது. விருதுநகரில் வீடுதோறும் பெண்கள் சமைக்கும் முன் எடுத்துவைத்த பிடி அரிசியும் பள்ளிக்குப் போனது. அப்படி வளர்ந்த சத்திரிய வித்யாசாலையில் படித்தவர்தான் காமராஜர்.

அந்த மகமை ஒரு சமூகத்துக்குள் நின்றது. இன்றைய கடைவீதியில் அப்படி நிற்கக் கூடாது. ஒரே தெருவில் மளிகைக் கடை ஒருவருடையது, நகைக் கடை இன்னொருவருடையது, செல்போன் கடை வேறு மாநிலத்தவருடையது, தள்ளுவண்டி நான்காமவருடையது. சாதி, மதம், மொழி பாராமல் ‘இந்தத் தெருவில் தொழில் செய்கிறோம்’ என்ற ஒரே உறவில் எடுக்கும் மகமைதான் இனி செல்லும்.

நம் வணிகர்களுக்குச் சேரத் தெரியும். மே 5-ஐ வணிகர் தினமாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். 2017-ல் அந்நிய குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று கடைக்குக் கடை கைகோத்தார்கள். எதிர்ப்பதற்கு இவ்வளவு சீக்கிரம் கூடும் கைகள், தெருவைக் கட்டவும் கூட முடியும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரே ஒரு தெருவில் தொடங்கலாம். மதுரையோ, கும்பகோணமோ, சென்னையின் ஒரு வார்டோ, எதுவானாலும் சரி. வணிகர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை கொடுக்கச் சம்மதிக்கட்டும். அதை மாநகராட்சி வசூலித்து அந்தத் தெருவின் கணக்கிலேயே வைக்க அரசு சட்டத்திருத்தம் செய்யட்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. கழிப்பறை, குடிநீர், நிழல், பெஞ்ச் என்று கடைவீதிக்கு வேண்டியவற்றை இன்றைக்கே அதில் கேட்கலாம். வார்டுகளில் உருவாக்கப்பட்ட பகுதி சபைகளில் குடியிருப்போர் அதைத் தீர்மானமாக வைக்கலாம்.

நிர்வாகக் குழுவில் கடைக்காரர், கட்டட உரிமையாளர், தெரு வியாபாரி, குடியிருப்பவர், மாநகராட்சி என ஐந்து தரப்பும் இருக்க வேண்டும். தெரு வியாபாரியின் இடம் அவர் கொடுக்கும் தொகையைப் பொறுத்து அமையக் கூடாது. உரிமையாக அமைய வேண்டும். வசூலில் முதல் செலவு, தெருவுக்கு ஒரு முழுநேர மேலாளரின் சம்பளம். வரவு செலவு மாதம்தோறும் தெருமுனைப் பலகையில் எழுதப்பட வேண்டும். ஐந்து ஆண்டில் மறுபடி ஓட்டு.

2023 மே மாதம், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. அரசால் கட்ட முடியும் என்பதற்கு அது போதுமான சான்று. ஆனால், கட்டியதை நாள்தோறும் காப்பது ஒப்பந்தக்காரரால் ஆகிற காரியம் இல்லை. அந்தத் தெருவில் பிழைப்பவர்களும் நடப்பவர்களும் ஒரு பொதுக் கல்லாவில் காசு போட்டு, ஒரே குழுவில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். டொரன்டோவின் சிறு வணிகர்கள் அதிகாரிகளின் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. மனுவோடு போய் நின்றார்கள். நம் ஊரிலும் முதல் மனு ஒரு வணிகர் சங்கத்திடமிருந்து வர வேண்டும். அடுத்த மே 5 மாநாட்டில் அதற்கான தீர்மானம் நிறைவேறட்டும்.